கதைக்குள் நுழையும் கவிஞர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எழுதுபவரே தன் கதைக்குள் புகுந்து பேசுவது 20-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவலின் கண்டுபிடிப்பு என்கிறது ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. பாரசீகக் காப்பியங்களை மொழிபெயர்ப்பில் விடாமல் படித்துவரும் எனக்கு இது ஒப்பவில்லை.

பாரசீக மன்னர்களின் கதையை ஃபிர்தௌசி பாடி 1010-இல் முடித்த ‘ஷாநாமா’ காப்பியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குஸ்ரூ பர்வீஸ் மன்னனின் கதை மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று மன்னனையும் படையையும் அப்படியே நிறுத்திவிட்டு, ‘எனக்கு வயது 65, என் மகன் 37 வயதில் போய்விட்டானே, முறைப்படி முதலில் போக வேண்டியவன் நானல்லவா’ என்று கிழவர் புலம்பத் தொடங்கிவிடுவார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பழகியவன் நான். பாரத்தை, அதாவது அச்சிட்ட பக்கக் கட்டை, மாற்றிக் கோத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். அந்த மகன் தன்னிடம் எப்போதும் கடுகடுவென்றே இருந்தானாம், கோபித்துக்கொண்டு ஒரேயடியாக முதுகைக் காட்டிவிட்டானாம். செத்த பிள்ளையைப் பற்றி எந்தத் தகப்பன் இப்படி எழுதுவான்? அழுது முடித்ததும் மறுபடி குஸ்ரூவின் கதை.

அதே நூலில் இன்னொரு கூத்தும் உண்டு. அடிமையின் கையால் கொலையுண்ட தகீகி என்ற கவிஞர் கனவில் மதுக்கிண்ணத்தோடு தோன்றி, தான் பாடிவைத்ததைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஃபிர்தௌசியும் சுமார் 1,000 ஈரடிகளைச் சேர்க்கிறார். சேர்த்த கையோடு, பாட்டு சுமார்தான் என்று குறையும் சொல்லிவிடுகிறார்!

12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நிஜாமி, தன் ‘குஸ்ரூ-ஷீரீன்’ காதல் காப்பியத்தில் நாயகி ஷீரீன் இறக்கும் இடத்தில் தன் மனைவி ஆஃபாக்கை நினைத்துக்கொள்கிறார். தர்பந்த் நகர அரசன் அனுப்பிவைத்த, கிப்சாக் என்ற துருக்கிய இனத்துப் பெண் அவள். ஷீரீனைப் போலவே என் ஆஃபாக்கும் சட்டென்று போய்விட்டாள் என்றவர், அவள் விட்டுச்சென்ற பிள்ளையை இறைவனிடம் ஒப்படைக்கிறார். சூஃபிக் கவிஞர் ரூமியின் ‘மஸ்னவி’ என்ற நெடும்பாடலிலோ கேட்பவரே குறுக்கிடுகிறார். முதல் கதை பாதியில் இருக்கும்போதே, ரூமியின் ஞானத் தோழர் ஷம்ஸைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சீடர் ஹுசாமுத்தீன் நச்சரிக்க, அன்புக்குரியவர்களின் ரகசியத்தை மற்றவர் கதையில் வைத்துச் சொல்வதே மேல் என்று நழுவுகிறார் ரூமி. இப்படிக் கதைக்குள் புகுவதைக் கட்டுரையாளர் ‘விளையாட்டு’ என்கிறார். ரூமிக்கு அது பொருந்தலாம்; பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு என்ன விளையாட்டு?

இந்தக் காப்பியங்களைச் சுருக்கித் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கதைக்குச் சம்பந்தமில்லை என்று சுருக்குபவர்கள் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். இடம் போதாவிட்டால் போர்க்களத்தில் இரண்டு பத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிர்தௌசியின் மகனை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்