ஏலம் வேண்டாம் என்கிறாயே

2021 செப்டம்பர்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். அப்பாவுக்கு இரண்டாவது கொரோனா ஊசியும் போட்டாயிற்று. கொஞ்சம் கை வலி இருந்தது, அவ்வளவுதான். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அப்பாவுக்கு அனுப்பிய செய்தியைக் கோயில் கமிட்டியில் வாசித்தார்களாம். அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்கள் படைக்கிற விளைச்சலைக் கோயிலில் ஏலம் விடுவது இனிமேல் வேண்டாம், கோயில் வாசலில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டினால் துபாய், பெங்களூர் என்று இருக்கிற பிள்ளைகள் எல்லாம் காணிக்கை போட்டுவிடுவார்கள், எளியவர்களுக்கு அதை நேராகப் பணமாகவே கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். கூட்டம் கூடக்கூடாத காலம், நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூரைக்கும் கரண்ட் பில்லுக்கும் அப்படியே வாங்கட்டும். தர்ம காரியத்துக்கு அது சரிப்படாது. போன வருஷம் இங்கே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு என்று கோயிலைப் பூட்டினார்கள். ஞாயிறன்று அந்தக் கதவில் பூட்டுத் தொங்கி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க அடைப்பு. குருத்தோலை ஞாயிறும் பெரிய வெள்ளியும் வீட்டுக்குள்ளேயே போயின. நம் போதகர் ஐயரவர்கள் செல்போனில் ஆராதனை நடத்துவார். பாதி ஜெபத்தில் நெட்வொர்க் போய்விடும், நாங்களே ஆமென் சொல்லிக்கொள்வோம். ஏப்ரல் 12, ஈஸ்டர் அன்று விடியற்காலையில் கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டி மட்டும் வந்து மணி அடித்துவிட்டுப் போனார்.

அது பிசான நெல் அறுப்பு முடிந்த நேரம். நெல்லை வீட்டில் போட்டு வைக்கலாம், வாழையை என்ன செய்ய? லாரி வரவில்லை, சந்தை நடக்கவில்லை. தார் மரத்திலேயே பழுத்துச் சாய்ந்தது. பண்டிகை கிடையாது என்று சொல்லியும் ஜனங்கள் படைப்பைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. கோயில் பின்வராந்தாவில் தாரும் பூசணியும் தேங்காயும் நெல் மூட்டையுமாகக் குவிந்துவிட்டது. ஐக்கிய சங்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த கைப்பிடி அரிசியும் டப்பா டப்பாவாக வந்தது. அதைச் சாதாரணமாக நினைக்காதே. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்கள் வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்றுதானே தொடங்கினார்கள்? நம் ஜனங்களின் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காணிக்கையை நம்பித்தான் தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கு ஊழியத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

பொருள் இருக்கிறது, ஏலம் போட வழியில்லை. அப்படியே எளியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டி தீர்மானித்தது. எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொடுக்க வேண்டுமென்றால் லிஸ்ட் வேண்டுமே. சூளையில் கல் அறுக்கிறவர்கள், பனையேறிகள், வேன் ஓட்டுகிறவர்கள், கல்யாணமே நடக்காததால் சும்மா இருந்த பேண்டு செட்டுக்காரர்கள் என்று எழுதினார்கள். நம் தெருமுனை டெய்லர் பெயரையும் சேர்த்தார்கள். உனக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தவர்தான். பள்ளிக்கூடம் மூடி, கல்யாணமும் நின்றபிறகு அவருக்கு யார் துணி கொண்டுவருவார்கள்?

அவர் வீட்டுக்குப் பையோடு போனவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது. கூப்பிடக் கூப்பிடக் கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டார்கள். திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையிலும் பை அங்கேயே இருந்தது.

அந்த மனுஷனை ஏலத்தில் நீ பார்த்திருக்கிறாய் அல்லவா? உபதேசியார் "ஒருதரம், ரெண்டுதரம்" என்று இழுக்கும்போது பின்னாலிருந்து பத்து ரூபாய் கூட்டிக் கேட்கிற குரல் அவருடையது. கிழவி ஒருத்தி கொண்டுவந்த முட்டையை ஐந்நூறுக்கு எடுத்து, மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பார். அதே முட்டை நாலு கை மாறும். எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும்போது எது யார் வைத்தது என்று யார் பார்க்கிறார்கள்? இல்லாதவளும் முட்டையோடு வந்து, கொடுத்தவளாகத்தான் வீட்டுக்குப் போவாள். ஏலத்தை நீ வியாபாரம் என்று எழுதியிருக்கிறாய். இல்லாதவளையும் கொடுத்தவளாக்குவதுதான் அதனுடைய வேலையே, ராசா. பணமாகக் கொடுத்தாலும் யாருக்கு என்று ஒரு லிஸ்ட் எழுதித்தானே ஆக வேண்டும்?

அப்புறம் சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி லிஸ்டைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டோம். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பை. கோயில் தெரு, அம்மன் கோயில் தெரு, மெத்தை வீடு, ஓலை வீடு என்று பார்க்கவில்லை. ஐந்து கிலோ அரிசி, ஒரு சீப்பு காய், தேங்காய், நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய பருப்பும் எண்ணெயும். தேவைப்படாதவர்கள் ராத்திரியில் பின்வராந்தாவில் திருப்பி வைத்துவிடலாம் என்று மட்டும் சொன்னோம். கமிட்டியில் ஒருவர், "ஊரே வாங்கித் தின்றுவிடும், பாருங்கள்" என்றார். பை திரும்பி வந்தது. சிலது போனதைவிடக் கனமாக வந்தது. ஒன்றில் ஓலையில் பொதிந்த கருப்பட்டி இருந்தது. பனையேறி வீட்டைத் தவிர யாரிடம் அப்போது புதுக் கருப்பட்டி இருக்கும்? டெய்லர் வீட்டுப் பை திரும்பி வரவில்லை. அது போதும் எனக்கு.

வேதத்தில் ரூத் கதையில் வயல்காரன் போவாஸ் இதைத்தானே செய்தான்? கதிர் பொறுக்க வந்த அந்த ஏழை விதவையைக் கூப்பிட்டு வாற்கோதுமை அளந்து கொடுப்பதற்கு முன்னாலேயே, வேண்டுமென்றே கதிரைச் சிந்திவிடுங்கள், பொறுக்கும்போது அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரரிடம் சொல்லி வைத்தான். ஐயரவர்கள் இதைப் பிரசங்கமாகச் சொன்னால் நான் தூங்கியிருப்பேன். அந்தப் பையைத் தூக்கின பிறகு விளங்கிற்று. (அவரிடம் சொல்லிவிடாதே.)

இந்த வருஷமும் ஈஸ்டர் முடிந்து பண்டிகை வைக்க இருந்தோம். ஏப்ரல் கடைசியில் மறுபடி பூட்டினார்கள், ஜூலையில்தான் திறந்தது. ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு கோயில் திறக்கக் கூடாது என்று உத்தரவு. எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடை நீங்கினதும் பண்டிகை என்று ஐயரவர்கள் சொல்லியிருக்கிறார். ஏலம் வேப்பமரத்தடியில், தள்ளித் தள்ளி நாற்காலி, எல்லாரும் மாஸ்க் போட்டு. பொருளில் பாதி ஏலத்துக்கு, பாதி பைக்கு; பை போன வருஷம் போலவே எல்லா வீட்டுக்கும்.

அந்தக் க்யூஆர் கோடை நீயே செய்து அனுப்பு, கூரை நிதிக்கு ஒட்டிக்கொள்கிறோம். பணம் போட்டவர்கள் பெயரைக் கோயிலில் வாசிக்கச் சொல்லாதே, உன் பெயரையும்தான். அப்பா படைப்புக்கென்று ஒரு நாட்டுவாழைத் தாரை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார். அதை உன் பேரில் ஏலம் கேட்கும்படி டெய்லரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று அவருக்கே போன் போட்டுச் சொல்லிவிடு. நம்பர் அப்பாவிடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா