வண்டி ஏறும் மாடுகளுக்காக ஒரு திறந்த மடல்

கேரளம், தமிழ்நாடு கால்நடைத் துறை அதிகாரிகளுக்கும் பொள்ளாச்சிச் சந்தை வியாபாரிகளுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பொள்ளாச்சியில் பிடிக்கும் மாடு மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடி வழியாக எங்கள் தொழுவத்துக்கு வருகிறது. வந்த முதல் வாரத்திலேயே சளியும் இரைப்புமாகப் படுத்துவிடுகிற மாடுகள் உண்டு. நோய் மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சு எப்போதும் நியாயமில்லை. வண்டி ஏறும்போது மாடு நன்றாகவே இருந்திருக்கலாம்.

பயணத்தில் மிரட்சி, தாகம், வெயில், நெரிசல் எல்லாம் சேர்ந்தால் மாட்டின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறிது நேரமென்றால் அது உடம்பைக் காக்கும். நாள்கணக்கில் நீண்டால் எதிர்ப்புச் சக்தியையே முடக்கும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கிருமி புகுந்த இடத்துக்குச் சரிவர இறங்காது. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த பாஸ்டுரெல்லா வகைக் கிருமிகள் அப்போதுதான் நுரையீரலுக்குள் போகும். அலைச்சலுக்குப் பின்னும் மழை தொடங்கும்போதும் அந்த வகைக் கிருமியால் வரும் தொண்டை அடைப்பான் நோய் தலைதூக்குவதும் இப்படித்தான்.

பொள்ளாச்சி பக்கத்து ஊர்தானே என்பீர்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சந்தைக்கு வந்த மாட்டுக்கு எங்கள் ஊர்ப் பயணம் இரண்டாவது.

நிறைசினை மாட்டின் பாடு இன்னும் மோசம். ஈனுவதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் அதன் எதிர்ப்புச் சக்தி இயல்பாகவே இறங்கியிருக்கும். நல்ல விலை கிடைப்பதும் அந்த நேரத்தில்தான் என்பதால் அப்போதே வண்டி ஏற்றுகிறார்கள். பிறகு நஞ்சுக்கொடி விழாமல் நிற்கிறது, மடிநோய் வருகிறது. கடன் வாங்கி மாடு பிடித்த வீட்டில் அது எவ்வளவு பெரிய அடி என்று நீங்களே அறிவீர்கள்.

2019 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரி நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுகிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் ஊசியின் காப்பு முழுதாகப் பிடிக்க இரண்டு மூன்று வாரமாகும். களைத்துக் கிடக்கிற உடம்பில் அதுவும் குறையும். அதனால் விற்கப்போகும் மாட்டுக்கு மூன்று வாரம் முன்பே ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும், உடன் ஓர் ஆள் வேண்டும் என்கின்றன 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள். அதிகாரிகளே, கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாவடிகளில் மாட்டின் சான்றிதழைப் பார்ப்பதோடு வண்டிக்குள் நிற்கும் தலைகளையும் எண்ணுங்கள். மூச்சு வாங்குகிற மாட்டை இறக்கி நிறுத்த நிழலும் தண்ணீர்த் தொட்டியும் எல்லாச் சாவடியிலும் இருக்கட்டும். புது மாட்டை இரண்டு வாரமாவது தனியே கட்டும்படி வாங்குகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வியாபாரி அண்ணன்மாரே, உச்சி வெயிலைத் தவிர்த்து விடியலில் கிளம்புங்கள். ஏற்றுமுன் வயிறாரத் தண்ணீர் காட்டுங்கள். வாலை முறுக்கி ஏற்ற வேண்டாம். சாய்வுப் பலகை ஒன்று போட்டால் மாடு தானே ஏறும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைக் கறவைக்காரர்