காய்ந்த நீலம் கலக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பெயின்ட் மார்க்கரால் கடல் அலை தீட்டும் முறை வெளியாகியிருந்தது. நிறத் தேர்வில் குறையில்லை. ஆனால் 'முதல் நீலம் காய்ந்ததும் அடுத்ததை அதன்மேல் தேய்த்துக் கலக்கவும்' என்ற குறிப்பு தவறு. அப்படிச் செய்தால் பட்டை பட்டையாகக் கோடுதான் விழும்.

நீர் அடிப்படையிலான அக்ரிலிக் மார்க்கரின் பெயின்ட் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. கலப்பதற்குக் கிடைப்பது சில விநாடிகளே. அதனால் அலை முழுவதையும் ஒரேயடியாக நிரப்பக் கூடாது. இரண்டு விரல் அகலத்துக்குக் கருநீலம் இட்டு, ஈரம் போகுமுன் அதை ஒட்டி வெளிர்நீலம் இட வேண்டும். இரண்டும் சேரும் விளிம்பில் வெளிர்நீல முனையாலேயே, அலை வளையும் திசையில், சின்னச் சின்னக் கோடுகளாக இழுக்க வேண்டும். அப்போது அந்த முனையில் கருநீலம் ஏறிக்கொள்ளும். சுத்தமான நிறம் திரும்பும்வரை வேறு தாளில் கிறுக்கிவிட்டுத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடு அழுக்காக வரும்.

விளிம்பு காய்ந்துவிட்டால் தேய்க்கவே வேண்டாம். கீழே உள்ள பூச்சு உரியும், தாள் நார்நாராகக் கிளம்பும். இரு மார்க்கர்களையும் பிளாஸ்டிக் தட்டில் அழுத்திச் சிறிது பெயின்ட் எடுத்து, நடுத்தர நீலமாகக் கலந்து, லேசாக நனைத்த தூரிகையால் அந்த விளிம்பின்மேல் மெல்லியதாகப் பூசலாம். தண்ணீர் கூடினால் ஓரத்தில் கறை வளையம் விழும். தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் இருந்தால் நெளியாது. எண்ணெய் பெயின்ட் மார்க்கருக்கு இந்தத் தண்ணீர் வேலை எதுவும் பலிக்காது. வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

அலையின் அடிப்பகுதியில் நீர் தடிமன், அங்கே அல்ட்ராமரின் என்ற ஆழ்நீலம். முகட்டில் நீர் மெலிந்து வெளிச்சம் ஊடுருவும், அங்கே பச்சை கலந்த டர்க்காய்ஸ் நீலம். பலர் இதைத் தலைகீழாகத் தீட்டுவதால்தான் அலை சுவர்போல நிற்கிறது. அல்ட்ராமரினில் லேசான செம்மை உண்டு. இளம்பச்சையோடு நேரே சேர்த்தால் மங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவே பச்சைச் சாயல் உள்ள தாலோ நீலம் ஒரு பட்டை போதும். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள், நீலம் செத்துவிடும். இருண்ட நீலமான இண்டிகோ போதும்.

நுரையைக் கடைசியில், அடிப்பூச்சு முழுக்கக் காய்ந்தபின், 0.7 மி.மீ. முனையால் வையுங்கள். ஈரத்தில் வைத்த வெள்ளை நீலத்தோடு கலந்து, இருந்த இடம் தெரியாமல் போகும். நுரைக்கும் நிழல் உண்டு. அதன் அடிப்புறத்துக்கு ஊதா சாயல் கொண்ட வெளிர்நீலமும், வெயில் படும் பக்கத்துக்கு மட்டும் தூய வெள்ளையும் வேண்டும். மார்க்கரை மூடியோடு குலுக்கி, முனையைத் தனித் தாளில் அழுத்திப் பெயின்ட் இறக்கிக்கொள்ளுங்கள். ஓவியத்தின்மேல் அழுத்தினால் பெரிய சொட்டாக விழுந்துவிடும்.

அந்தக் குறிப்பைப் பார்த்துத் தீட்டுபவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். எனவே அடுத்த இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்