அந்தக் கரி மூட்டையை வாங்காதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

ஏக்கருக்கு நாலு டன் பயோசார், அதாவது மண்ணுக்குப் போடுகிற கரி, போடப்போகிறேன், ஆள் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டுவலி தேவலை. உன் பம்புசெட் கதையை மாமா இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கரி நல்லதா என்றால், நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம்ம வெயிலுக்கு எவ்வளவு எரு கொட்டினாலும் ஓரிரு கோடையில் மட்கிப் போய்விடுகிறது. காற்றுப் படாமல் சுட்ட கரியோ நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணிலேயே கிடக்கும். அமேசான் பக்கம் சத்தில்லாத வெளிறிய மண்ணுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கறுப்பு மண் இருக்கிறது. ஐரோப்பியர் போய் இறங்குவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த சனங்களின் அடுப்புக்கரி, எலும்பு, மீன் கழிவு, பானை ஓடு எல்லாம் சேர்ந்து உண்டான மண் அது. அந்த ஊர்களும் இல்லை, அந்த மனிதர்களும் இல்லை, ஆனால் இன்றைக்கும் அதில் வெள்ளாமை நடக்கிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, மாப்ளே.

ஆனால் உன் மண் வேறு, என் மண் வேறு. எங்களுடையது மணல் கலந்த செம்மண், லேசான அமிலத்தன்மை, ஊற்றிய தண்ணீர் நிற்காது. கரியின் நுண்துளைகள் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கின்றன, அமிலமும் குறைகிறது. உன்னுடையது கோடையில் வெள்ளையாகப் பூக்கிற களர், ஏற்கனவே காரம் மிகுந்த மண். கரியே பெரும்பாலும் காரம், சாம்பல் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். காரம் ஏற ஏற துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. 2017-ல் உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: வெப்ப நாடுகளில் மகசூல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருக்கிறது, மிதவெப்ப நாடுகளில் கூடவே இல்லை. நம்ம ஊரும் வெப்ப நாடுதானே என்று கேட்பாய், ஆனால் அங்கே கூடியது பெரும்பாலும் அமிலமான, சத்துக் குறைந்த மண்ணில். எல்லாம் மண்ணைப் பொறுத்த விஷயம். உனக்கு முதலில் வேண்டியது ஜிப்சமும், பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிற தக்கைப்பூண்டும்தான். அந்த ஆள் மண் பரிசோதனைச் சீட்டையாவது கேட்டாரா?

இன்னொன்று, வெறும் கரியை அப்படியே வயலில் போடவே கூடாது. மண்ணில் இருக்கிற சத்தை முதலில் அது இழுத்துக்கொள்ளலாம், பயிர் மஞ்சளாகலாம். மாட்டு மூத்திரத்திலோ சாணிக் கரைசலிலோ ரெண்டு வாரமாவது ஊறட்டும். நேபாளத்தில் ஒரு களைச்செடியை வெட்டிக் கரியாக்கி, மூத்திரத்தில் ஊறவைத்து, பூசணிக்கு வேர்ப்பக்கம் மட்டும் வைத்தார்கள். ஹெக்டேருக்கு வெறும் 750 கிலோ, நம்ம கணக்கில் ஏக்கருக்கு 300 கிலோ. மூத்திரம் மட்டும் விட்ட பாத்தியைப்போல நாலு மடங்கு காய்த்தது, 2015-ல் வெளியான ஆய்வு. நாலு டன் எதற்கு, சொல்லு!

காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். உங்கள் பக்கம் சீமைக்கருவேலத்துக்கா பஞ்சம்? தூர்க்கட்டையையும் தடிமரத்தையும் கரிமூட்டத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், விரல் கனத்து முள் மிளாறு வீணாகத்தானே கிடக்கிறது? நான் அதைத்தான் சுடுகிறேன். வாய் அகன்று அடி குறுகிய குழி வெட்டி, தீயை மேலிருந்து வைக்க வேண்டும். மேல் அடுக்கில் வெள்ளைச் சாம்பல் லேசாகப் படரும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மேலே எரிகிற தீ புகையைத் தின்றுவிடும், கண் எரியாது. குழி நிறைந்ததும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்று, விட்டால் எல்லாம் சாம்பல். நன்றாக வெந்த கரியைக் கல்லில் போட்டால் கணீரென்று சத்தம் வரும், கையில் தேய்த்தால் பிசுக்கு ஒட்டாது. இந்த வேலையில் எனக்கு அப்படி ஒரு பித்து பிடித்திருக்கிறது, வீட்டில் கேட்டுப்பார்.

வீட்டுக்குப் பின்னால் கத்தரி போடுகிற மேட்டுத் துண்டு இருக்கிறதே, அது களர் இல்லை. கரி வைத்துப் பார்ப்பதென்றால் அங்கே ரெண்டு பாத்தியில் வை, பக்கத்திலேயே ரெண்டு பாத்தி கரி இல்லாமல் விடு. வயலிலும் மேட்டிலும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடு. சீட்டு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை அந்த ஆளுக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே, தங்கச்சியிடமும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்