அந்த உப்புநீர் வந்து சேர்ந்ததா?

அன்புள்ள அம்மிணிக்கு,

சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்து அனுப்பிய அடர் உப்புநீர் கேன் உன் ஆய்வகத்துக்கு வந்ததா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அம்மாயி நலம். வேறு செய்தி எதுவும் இல்லை.

கேனின் அடியில் வெள்ளைப் படிகம் இறங்கியிருந்தால் கசடு என்று வடிகட்டிக் கொட்டிவிடாதே. 32 டிகிரியில் நூறு கிராம் நீரில் 50 கிராம் அளவுக்குக் கரைந்து நிற்கும் சோடியம் சல்பேட், உங்கள் குளிரூட்டிய அறையில் 20 டிகிரிக்கு வந்ததும் 20 கிராம் அளவுக்குத்தான் நிற்கும், மீதியெல்லாம் இறங்கிவிடும். நீ பிரித்தெடுக்க வேண்டிய உப்பே அதுதான். கேனை வெந்நீரில் நிறுத்தி, முழுவதும் கரைந்த பிறகே படிகக்கலனில் ஊற்று.

தூய உப்பைக் கரைத்துச் செய்தபோது கண்ணாடிச் சில்லு போல நீளப் படிகம் கிடைத்ததென்று தீபாவளிக்கு வந்தபோது எவ்வளவு ஆசையாகக் காட்டினாய்! சாயப்பட்டறை நீரில் அப்படி வராது, அம்மிணி. எஞ்சிய சாயமும் துணைப்பொருள்களும் ஒட்டிக்கொண்டு, முதலில் பொடியாகவும் மஞ்சளாகவும்தான் வரும்; இங்கே தினமும் பார்க்கிறோம், உள்ளங்கையில் தேய்த்தால் கறை நிற்கும். அதற்காக யாரும் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். மெதுவாகக் குளிர வை. விதைப் படிகமாகத் தூய உப்பின் சிறு துண்டு ஒன்றைப் போட்டுப் பார்.

உன் மாமன் மகன் அங்கே வந்திருந்தபோது உன் மேசை காலியாக இருந்ததாகச் சொன்னான். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. உன் அக்காள் விஷயத்தில் பேசியதுபோல இம்முறை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

ஆனாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் பட்டறைகள் மூடியபோது நம் தெருவே வேலையின்றி நின்றதையும் நீ பார்த்து வளர்ந்தவள். நொய்யல் ஆறும் பிழைத்துப் பட்டறையும் ஓட வேண்டுமென்றால், உப்பைச் சுத்தமாகப் பிரித்துச் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்பியாக வேண்டும் என்பதை உணர்ந்து நீயாகத் தேர்ந்த ஆய்வு இது என்று நிலையத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரிக்க முடியாமல் மிஞ்சிய கலப்பு உப்பு கிடங்கில் கூரைவரை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. விற்கவும் முடியாது, மண்ணில் கொட்டவும் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. மெதுவாகக் குளிர வை, அவசரப்படாதே. நிறம் நீக்கிய பிறகு எடுத்த நீர் வேண்டுமென்றால் அதையும் அனுப்புகிறேன். ஆய்வே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா