வழிக்காவல் இல்லை: சிறைத்துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சிறைத்துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியன். என் தம்பி பதினொரு மாதங்களாக ஒரு மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். அவன் வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். எந்தச் சிறை என்றும் எழுதவில்லை. எழுதினால் அது யார் தலையில் விடியும் என்பது, உள்ளே ஆளை வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும்.

அவனுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ரப்பர் செருப்பின் வார் உரசி வலது காலில் ஒரு கொப்புளம் வந்தது. பாதத்தில் உணர்ச்சி மங்கியவனாதலால், அது உடைந்து புண்ணான பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது. சிறை மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த அன்றே அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த அறுவைச் சிகிச்சை மருத்துவரும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, வாரம் ஒருமுறை தவறாமல் அழைத்துவர வேண்டும் என்று ஓ.பி. சீட்டில் எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தார்.

அந்தச் சீட்டை நான் பார்த்தது, விரல்கள் போன பிறகு. கைதிகள் வார்டில் அனுமதி வாங்கி அவனைப் பார்க்கப் போனபோது, கட்டிலருகே இருந்த கோப்பில் அது இருந்தது. பின்பக்கத்தில் நீல மையில், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரு வார இடைவெளியில் மூன்று தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே இரண்டு சொற்கள்: ‘வழிக்காவல் இல்லை’. கைதியை வெளியே கொண்டுபோகும்போது கூடப் போகும் காவலர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கையெழுத்து அழகாக இருந்தது. நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியவன் என்பதால், என்னை அறியாமல் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அந்த மூன்று வாரங்களிலும் நான் மனு போட்டு அவனைப் பார்க்கப் போயிருந்தேன். மனு அறையில் இடுப்புக்கு மேல்தான் ஆள் தெரியும். ‘காலைத் தூக்கிக் காட்டுடா’ என்றால், ‘ஆறிக்கிட்டு வருதுண்ணே’ என்று பேச்சை மாற்றிவிடுவான். நாலாவது வாரம் நடு இரவில், காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறிய நிலையில் அவனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அப்போது மட்டும் வழிக்காவல் கிடைத்திருக்கிறது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவன்மேல் சுமத்தப்பட்டிருக்கும் குற்றம் நாளைக்கே மெய்ப்பிக்கப்பட்டாலும், அதற்கான சட்டப்பிரிவில் கால் விரல்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தாங்கள் அறியாதது எதையும் நான் எழுதவில்லை. 2015இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில், வெளியே இருப்போருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது 24ஆம் விதி. மருத்துவர் எடுத்த முடிவை மருத்துவர் அல்லாத சிறை ஊழியர்கள் மீறவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது 27ஆம் விதி. என் தம்பியின் விஷயத்தில் யாரும் மருத்துவரை எதிர்த்துப் பேசவில்லை. வண்டியோடு போகவேண்டிய காவலர்கள் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மூன்று வாரமும் செல்லுபடியானது மருத்துவர் எழுதியதா, பின்பக்கம் எழுதியதா என்று மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வழிக்காவலுக்கு ஆள் அனுப்பும் காவல்துறை ஆயுதப்படையில் ஆள் பற்றாக்குறை, நீதிமன்றத்துக்கும் திருவிழா பந்தோபஸ்துக்கும் தலைவர்கள் வருகைக்கும் அனுப்பியது போக மீதமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். நீதிமன்றக் காவல் நீட்டிப்பைக் காணொலியிலேயே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அதனால் மிச்சமான காவலர்களில் நான்கு பேரையாவது மருத்துவமனைப் பணிக்கென்றே ஒதுக்க முடியாதா? நான் கேட்பது இது ஒன்றுதான்: சிறை மருத்துவர் எழுதும் பட்டியலுக்கு மட்டும் கட்டுப்பட்ட, வேறு எந்தப் பணிக்கும் மாற்றப்படாத தனி வழிக்காவல். அப்படியும் ஒரு தேதி தவறினால், அதற்கான காரணம் அன்றைக்கே எழுத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். சீட்டின் முதுகில் எழுதி வைத்தால் யாருக்கும் தெரியாது.

வசதியுள்ள பெரிய மனிதர் எவரேனும் கைதாகும் நாளில் நெஞ்சுவலி தவறாமல் வந்துவிடுகிறது. அந்த நெஞ்சுவலிக்கு ஒருநாளும் வழிக்காவல் பஞ்சம் வந்ததாக நான் படித்ததில்லை. 2021 ஆகஸ்டு முதல் இந்த மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. என் தெருவுக்கே செவிலியர் வந்து எனக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல திட்டம், மனமார வாழ்த்துகிறேன். ஆனால் தேடவே வேண்டாத மக்கள் சிலர் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குள் எண்ணிப் பூட்டி வைக்கிறீர்கள்; எங்கே போய்விடுவார்கள்?

வருத்தத்தில் சற்று எல்லை மீறிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் தனியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. கைதிகளின் மருத்துவத்தைச் சிறை நிர்வாகத்திடமிருந்து எடுத்து நலவாழ்வுத் துறையிடமே ஒப்படைக்கும் வேலையை நார்வே 1988இலும், பிரான்ஸ் 1994இலும், இங்கிலாந்து 2006இலும் செய்து முடித்துவிட்டன. அவ்வளவு தூரம் நாளைக்கே போகச் சொல்லவில்லை. வாரம் ஒருநாள் சர்க்கரை நோய், அறுவை, மனநலம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் சிறைக்குள் வந்து பார்த்தாலே பாதிப் பயணம் தேவைப்படாது. மீதிப் பாதிக்குத்தான் அந்தத் தனி வழிக்காவலைக் கேட்கிறேன்.

தம்பிக்குக் கட்டுப் பிரிக்கும் நாள் வரும் வியாழக்கிழமை. அன்று அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெயரும் சிறையும் தெரியாமல் யாருக்கென்று காவலரை அனுப்புவது என்று தாங்கள் கேட்கலாம். அந்த வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் எந்தெந்தச் சிறையில் இருக்கிறார்களோ, அவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்களில் ஒருவனாக அவனும் போய்வருவான்.

இப்படிக்கு,
ஒரு விசாரணைக் கைதியின் அண்ணன்