கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் பொறு

மச்சான்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு என் வழக்கமான சாக்குகளில் ஏதாவது ஒன்றை நீயே பொருத்திக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அண்ணாச்சி இன்னும் டிரம்ஸை விடவில்லை, தாளமும் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆல்பம் பிரமாதம், ஆனால் சிங்கிள் (தனியாக வெளியிட்டு ஹிட்டாக்கும் ஒரு பாட்டு) எங்கே என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்களாமே. படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அமெரிக்கப் பாடகி எய்மி மேனிடமும் இதையேதான் சொன்னார்கள்.

1985-இல் வந்த அந்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? வெளுத்த முடி குத்திட்டு நிற்க, கச்சேரி நடுவே சபையிலிருந்து எழுந்து பாடுவாரே! அவர் பாடிய ‘டில் டியூஸ்டே’ குழுவின் ‘வாய்ஸஸ் கேரி’ பாட்டு அமெரிக்க ஹிட் பட்டியலில் 8-ஆம் இடம்வரை போனது. அடுத்த இரண்டு ஆல்பங்களில் அவருடைய எழுத்து எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது, விற்பனைதான் கீழே வந்தது. குழு கலைந்தது. தனியாக 1993-இல் ‘வாட்எவர்’ ஆல்பம் போட்டார், அதை வெளியிட்ட இமாகோ கம்பெனியே கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. அடுத்துப் போன இடம் கெஃபன் கம்பெனி. 1998-இல் கெஃபனின் முதலாளியான சீக்ராம், பாலிகிராம் என்ற இன்னொரு இசைக் கம்பெனியை வாங்கியது. அந்த இணைப்பில் கெஃபனை இன்டர்ஸ்கோப் என்ற கம்பெனியோடு சேர்த்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவருடைய ஆல்பத்தில் சிங்கிள் கேட்கவில்லை.

அவர் மாற்றி எழுதவில்லை. ‘பேச்சிலர் நம்பர் டூ’ என்ற அந்த ஆல்பத்தின் மாஸ்டர் டேப்பை, அதாவது மூல ஒலிப்பதிவை, காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, சூப்பர்ஈகோ என்று சொந்தமாக ஓர் இசை லேபிள் தொடங்கி, 2000-இல் தானே வெளியிட்டார்.

‘மக்னோலியா’ படம்தான் அவரைக் காப்பாற்றியது என்று நம் கூட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள், நீயும் சொல்லியிருக்கிறாய். இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் அவர் பாட்டுகளை வைத்தே கதையை வளர்த்தார், அதில் வரும் ‘சேவ் மீ’ பாட்டு ஆஸ்கர் பரிந்துரைவரை போனது (பரிசு ஃபில் காலின்ஸுக்குப் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை), எல்லாம் உண்மைதான். ஆனால் படத்தின் இசைத்தட்டை வெளியிட்டதும் ஒரு பெரிய கம்பெனிதான். படம் பார்த்துவிட்டு ‘யார் இந்தப் பெண்’ என்று தேடி வந்தவர்கள் வாங்கிய அடுத்த ஆல்பம் அவர் கையில் இருந்தது. என் கணக்கில் அதுதான் பெரிய விஷயம். அந்த டேப் கம்பெனி அலமாரியிலேயே கிடந்திருந்தால் ஆஸ்கரை வைத்து என்ன செய்திருப்பார்?

இதைப் படித்துவிட்டு ‘நானும் தனியாகப் போகிறேன்’ என்று கிளம்பிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். அவர் முகத்தை ஊருக்கே காட்டியது எம்டிவியும் கம்பெனிப் பணமும்தான். உன் முகம் உன் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்குச் சந்தேகம்.

அதனால் கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அக்ரிமெண்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் என் கவலை. நீ எழுதிய கடிதத்தில் அட்வான்ஸ் தொகை மட்டும்தான் இருக்கிறது. அட்வான்ஸ் பரிசு இல்லை மச்சான், விற்பனையில் உனக்கு வரும் பங்கிலிருந்தே, அந்த ராயல்டியிலிருந்தே, கழித்துக்கொள்வார்கள். கழித்து முடித்தபிறகும் மாஸ்டர் யார் பெயரில் இருக்கும்? வெளியிடாமல் போட்டுவைத்தால் எத்தனை மாதத்தில் உனக்குத் திரும்பும், என்ன விலைக்கு? கம்பெனி கைமாறினால் உன்னையும் சேர்த்து விற்பார்களா? அடுத்தடுத்த ஆல்பங்களுக்கு ‘ஆப்ஷன்’ என்று போட்டிருந்தால் அது அவர்கள் விருப்பம், உன் விருப்பம் இல்லை. டில் டியூஸ்டே முடிந்த பிறகும் பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர அவர் பட்ட பாட்டைப் படித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. பாடகருக்கு ஒவ்வொரு வருஷமும் பெரிது.

அவர் இப்போதும் தன் லேபிளில்தான். 2005-இல் ஒரு குத்துச்சண்டை வீரனை வைத்து முழு ஆல்பமே எழுதினார். (தானும் குத்துச்சண்டை பழகுகிறவர், கம்பெனிக்காரர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம்.) ‘மென்டல் இல்னஸ்’ ஆல்பத்துக்கு 2018-இல் கிராமி கிடைத்தபோது வயது 57. அத்தனையும் மெதுவான, சோகமான பாட்டு.

அக்ரிமெண்ட் நகலை உடனே அனுப்பு. இந்த மாதிரி ஒப்பந்தம் பார்த்துப் பழகிய ஒரு வக்கீலிடம் காட்டுவோம், அதுவரை பேனாவைத் தொடாதே. அப்புறம், மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தை மட்டும் மாற்றிவிடு. சிங்கிளுக்காகச் சொல்லவில்லை, அது நன்றாகவே இல்லை.

உன்,
பழைய பேஸ் கிட்டார்